பாளையங்கோட்டை குரூப் 4 மாதிரித் தேர்வு சென்டர்: கேள்வித்தாள் அருமை, மைக்தான் தாங்க முடியவில்லை

சென்டர் பேர் வேண்டாம். கேள்வித்தாளுக்காக மட்டும் என்றால் தாராளமாகச் சேரலாம். 200 கேள்வி, 3 மணி நேரம், ஓ.எம்.ஆர். தாள் எல்லாம் அசல் மாதிரியே, விடை விளக்கமும் அன்றைக்கே கையில் கிடைத்துவிடும்.

ஹாலை நடத்துகிற விதம்தான் மோசம். அடிக்கடி மைக்கில் நேரம் சொல்கிறார்கள், கூடவே போன வாரம் மார்க் குறைந்தவர்களின் பேரையும் வாசிக்கிறார்கள். 12 பேர் 15 நாளில் முடிக்கும் வேலையை 9 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று ஒரு கேள்வி, 12-ஐ 15-ஆல் பெருக்கி வந்த 180-ஐ மனசில் பிடித்துக்கொண்டு 9-ஆல் வகுக்கப் போகும்போது மைக் அலறுகிறது, 180 போயே போச்சு, திரும்ப முதலிலிருந்து. தமிழ்ப் பகுதியில் இவ்வளவு அடி விழுவதில்லை, அது படித்து ஊறிப்போனது. கணக்குக்கு வேண்டியது செயல்நினைவு, அதாவது வேலை நடக்கும்போதே மனசில் பிடித்து வைத்துக்கொள்கிற ஞாபகம், அதில் ஒரே சமயத்தில் நாலைந்து விஷயம் நின்றாலே பெரிசு, அங்கேயே 'அடுத்து நம்ம பேரா' என்ற பயமும் வந்து உட்கார்ந்தால் எண்ணுக்கு எங்கே இடம்? ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற இருவர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், சில எழுத்துகளை ஞாபகம் வைத்துக்கொண்டே மனசில் ஒன்று வைத்துக் கூட்டச் சொன்னபோது, கணக்குப் பயம் உள்ளவர்கள்தான் அதிகம் தப்பு விட்டார்கள்.

சாரிடம் சொன்னேன். "இங்கயே பயந்தா அங்க போயி எப்படிடே எழுதுவ, பழகணும்லா" என்றார். பாதி நியாயம்தான், நேரம் வைத்து எழுதிப் பழகினால் படபடப்பு குறையத்தான் செய்யும். ஆனால் எந்தத் தேர்வு ஹாலில் பேர் வாசிக்கிறார்கள்?

தனிக் கட்டணத்தில் ஒரு மெமரி பவர் வகுப்பும் விற்கிறார்கள், சேராவிட்டால் காசு மிச்சம். அதில் வரும் விளையாட்டை ஆட ஆட அந்த விளையாட்டுத்தான் நன்றாக வரும். அதற்குப் பதில் 180-ஐக் கேள்வித்தாளின் ரஃப் வொர்க் பக்கத்தில் எழுதிவிடுங்கள், மண்டையில் ஒரு இடம் காலியாகும். தேர்வுக்கு முன்னால் 10 நிமிஷம் மனசில் இருக்கிற பயத்தையெல்லாம் ஒரு தாளில் கொட்டியவர்கள் நன்றாக எழுதினார்கள் என்று 2011-ல் ரமிரெஸ், பைலாக் ஆய்வு ஒன்றும் உண்டு. எனக்கு அது ஓரளவு கேட்கிறது, சில நாள் எழுத எழுதப் பயம் கூடவும் செய்கிறது.

கேள்வித்தாளை மட்டும் தனியாகவும் தருகிறார்கள், விலையும் குறைவு. அதை வாங்கி மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். சீக்கிரம் போனால்தான் ஃபேனுக்குக் கீழே இடம்.