அப்பச்சிக்கு மூளைத் தூண்டல் சிகிச்சை: ஒரு வருஷம் பார்த்த பிறகு

அப்பச்சிக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய். கை நடுக்கமும் இறுக்கமும் லெவோடோபா மாத்திரையில் ஓரளவு அடங்கின. தடுமாற்றம் மட்டும் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். காரைக்குடிப் பக்கம் பழைய வீடு எங்களுடையது; பட்டாலை தாண்டிப் பின்கட்டுப் போவதற்குள் எத்தனை நிலைப்படி! ஒவ்வொன்றிலும் கால் எழும்பாமல் நின்றுவிடுவார்.

ஆபரேஷன் செய்து மூளைக்குள் கம்பி வைக்கிறார்களே, அது வேறு. தடுமாற்றத்துக்காக நாங்கள் போன மூளைத் தூண்டல் சிகிச்சை வெளியிலிருந்தே செய்வது. காந்தச் சுருளைத் தலைமேல் வைத்துத் துடிப்பு கொடுக்கும் டிஎம்எஸ் ஒன்று. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க்கர் குழுவினர் செய்துகாட்டியது. இன்னொன்று டிடிசிஎஸ், தலைத்தோல் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்துவது. மதுரையில் அப்பச்சிக்குக் கொடுத்தது இதைத்தான்: உப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பான்ஜ் இரண்டு, தலையைச் சுற்றி ஒரு பட்டை, 2 மில்லிஆம்பியர் மின்சாரம், 20 நிமிஷம்.

"ஏன்ப்பா, ஷாக் வைக்கிறாகளாமே?" என்று அயித்தை பதறிப்போனார். அதெல்லாம் இல்லை. முதலில் கொஞ்சம் ஊறல், அப்புறம் அதுவும் தெரியாது. ஸ்பான்ஜ் காய்ந்துவிட்டால் மட்டும் சுருக்கென்று குத்தும். உடனே சொல்லிவிட வேண்டும்.

கரன்ட் முடிந்த கையோடு நடைப்பயிற்சி. அதை விட்டுவிட்டு இதை மட்டும் செய்வதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. சமநிலை எப்படி இருக்கிறது என்று தெரிய, டாக்டர் பின்னால் நின்று அப்பச்சியின் தோளைச் சட்டென்று இழுத்துப் பார்ப்பார். ஆரம்பத்தில் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். பிறகு இரண்டு எட்டு பின்வாங்கித் தானே நின்றார். அதில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் சிறியவை. சிலவற்றில் பலன், சிலவற்றில், ஒப்பிடுவதற்காகக் கரன்ட் கொடுப்பதுபோல் காட்டும் போலிச் சிகிச்சைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

சிகிச்சையை நிறுத்திச் சில மாதங்களில் பழைய தடுமாற்றம் பாதி திரும்பிவிட்டது. வீட்டில் நிலைத்தது பிசியோ சொல்லிக்கொடுத்த உத்திதான். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பார்டர் கோட்டைப் பார்த்து, அதைத் தாண்டுவதாக நினைத்துக் காலை எடுத்துவைக்கச் சொன்னார். நிலைப்படிக்கு முன்னால் மஞ்சள் டேப்பும் ஒட்டினோம். ஆச்சிக்கு அந்த டேப்பைக் கண்டாலே ஆகாது.

இன்னோரிடத்தில் "மாத்திரையே வேண்டாம், இதிலேயே குணமாகிவிடும்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். வலிப்பு வந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், தலைக்குள் உலோகம் உள்ளவர்கள் டாக்டரிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள். நெட்டில் மெஷின் வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் வேலை வேண்டாம்.

மறுபடி போவதாக இல்லை. மதுரைக்குப் போய்வரும் அலைச்சலே அவரைப் படுக்க வைத்துவிடுகிறது. அந்தக் காசில் பிசியோவை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.