ரோலான் காரோஸ் வெளி ஆடுகளச் சீட்டு: லோயிஸ் புவாசோனின் ஆட்டத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பாரிஸில் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் தொடங்கும் ரோலான் காரோஸ் (பிரெஞ்சு ஓப்பன்) டென்னிஸ் போட்டிக்கு விற்கப்படும் சீட்டுகளில் விலை குறைந்தவற்றுள் ஒன்று, பிரெஞ்சில் 'அனெக்ஸ்' எனப்படும் வெளி ஆடுகளச் சீட்டு. பிலிப் ஷாட்ரியே, சுசான் லாங்லென், சிமோன் மாத்தியூ ஆகிய மூன்று பெரிய அரங்குகளுக்குள் இச்சீட்டைக் கொண்டு நுழைய முடியாது. எஞ்சிய ஆடுகளங்கள் அனைத்திலும், இருக்கை எண் எதுவுமின்றி, முதலில் வந்தவர் முதலில் அமரும் முறையில் நாள் முழுவதும் ஆட்டம் பார்க்கலாம். 2025-இல் முதல் வாரத்தில் ஒரு நாளும் இரண்டாம் வாரத் தொடக்கமான ஜூன் 2 அன்றும் இச்சீட்டில் சென்று வந்தேன். அந்த இரண்டு நாள்களுக்கும் இடையே லோயிஸ் புவாசோன் என்ற இருபத்திரண்டு வயதுப் பிரெஞ்சு வீராங்கனையின் வாழ்க்கை மாறிக்கொண்டிருந்தது. இச்சீட்டு எதைத் தருகிறது, எதைத் தர மறுக்கிறது என்பதை அவரை வைத்தே எனக்குப் புரிந்துகொள்ள முடிந்தது.

முதலில் சீட்டு வாங்கும் முறை. விற்பனை முழுவதும் போட்டியின் அதிகாரபூர்வ இணையதளத்தில்தான் நடக்கிறது. சீட்டு கைபேசிச் செயலிக்குள் வருகிறது. அதில் வருபவரின் பெயர் பதிந்திருப்பதால் அடையாள அட்டையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். முதல் விற்பனையில் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். வர இயலாதவர்கள் தங்கள் சீட்டைத் திருப்பி விற்பதற்கான வசதி அதே தளத்தில் இருக்கிறது, போட்டி நெருங்க நெருங்க அதில் இடங்கள் தோன்றி மறைந்துகொண்டே இருக்கும். வேறு இடைத்தரகர் எவரிடமும் வாங்காதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் இச்சீட்டின் அருமை விளங்கிவிடுகிறது. சிறிய ஆடுகளங்களில் முன் வரிசையில் இடம் பிடித்தால், வீராங்கனை செம்மண்ணில் சறுக்கிச் சென்று பந்தை எட்டும்போது காலணி எழுப்பும் உரசல் ஒலி தெளிவாகக் கேட்கும். பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்ற ஐயம் எழுந்தால், இயந்திரத்தின் தீர்ப்புக்குக் காத்திராமல், நடுவர் தம் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி வந்து மண்ணில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்க்கும் பழைய வழக்கம் 2025-இலும் இங்கே தொடர்ந்தது. தொலைக்காட்சியில் சில நொடிகளில் கடந்துபோகும் அக்காட்சியை இவ்வளவு அருகிலிருந்து, இரு ஆட்டக்காரர்களின் முகங்களோடு சேர்த்துப் பார்ப்பது வேறு அனுபவம். 2018-இல் திறக்கப்பட்ட, தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிச் செல்லும் 14-ஆம் ஆடுகளத்தை நான் குறிப்பாகப் பரிந்துரைப்பேன். ஏறத்தாழ 2,200 பேர் அமரக்கூடிய அந்த இடத்தில் பிரெஞ்சு வீரர் ஒருவர் ஆடினால், கூட்டத்தின் குரல் நான்கு பக்கமும் சூழ்ந்து நம்மையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் அத்தகைய ஆட்டங்களுக்கு நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டும். ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும் இடைவேளைகளில் மட்டுமே ஆள்களை உள்ளே விடுவதால், காலையிலேயே இடம் பிடித்துவிடுவது நல்லது. மழைக்கும் ஆயத்தமாகச் செல்ல வேண்டும். ஷாட்ரியே அரங்குக்கு 2020-லும் லாங்லென் அரங்குக்கு 2024-லும் மூடித் திறக்கும் கூரை அமைக்கப்பட்டது, வெளி ஆடுகளங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இனி புவாசோன். 2003-இல் திஜோனில் பிறந்த இவருக்கு 2024-ஆம் ஆண்டே இப்போட்டியில் ஆட வைல்டு கார்டு, அதாவது தரவரிசை போதாதபோதும் அமைப்பாளர்கள் தரும் நேரடி வாய்ப்பு, கிடைத்திருந்தது. போட்டி தொடங்கச் சில நாள்களே இருந்த நிலையில் இடது முழங்காலின் முன்தசைநார் கிழிந்தது. பல மாதச் சிகிச்சைக்குப் பின் ஆடுகளத்துக்குத் திரும்பிய அவர், 2025-இல் உலகத் தரவரிசையில் 361-ஆம் இடத்தில் இருந்தபடி மீண்டும் வைல்டு கார்டில் வந்தார். முதல் சுற்றில், போட்டிக்கென முன்னணி வீராங்கனைகளுக்குத் தரப்படும் நிலைகளில் 24-ஆம் நிலையைப் பெற்றிருந்த எலிஸ் மெர்ட்டன்ஸை மூன்று செட்களில் வென்றதைக்கூடப் பலர் ஒரு நல்ல நாளின் பலன் என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் அவருடைய ஆட்டத்தில் தற்செயல் என்று சொல்ல எதுவும் இல்லை. மேல்சுழற்சி மிகுந்த கனமான ஃபோர்ஹேண்ட், தரையில் பட்டு உயர எழும் இரண்டாம் சர்வ், எதிராளியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வலையருகே மெல்ல இறக்கும் டிராப் ஷாட் ஆகிய மூன்றும் செம்மண்ணுக்காகவே வளர்க்கப்பட்டவை. மூன்றாம் சுற்றில் சக பிரெஞ்சு வீராங்கனை எல்சா ஜாக்மோவிடம் இரண்டாவது செட்டை 0-6 என இழந்தபின்னும் மூன்றாவதை 7-5 என வென்றார். பந்தயத்தின் பாதியில் மனம் உடைந்துவிடாத அந்தக் குணத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

ஜூன் 2 அன்று அவர் மூன்றாம் நிலை வீராங்கனை ஜெசிகா பெகுலாவை ஷாட்ரியே அரங்கில் சந்தித்தார். என் சீட்டு அந்த வாசலைத் தாண்டாது. வெளியே இருந்த பெரிய திரையின் முன் நூற்றுக்கணக்கானவர்களோடு நின்று பார்த்தேன். சுவருக்கு அப்பால் எழும் ஆரவாரம் திரையில் பந்து விழுவதற்கு முன்னரே எங்களை எட்டிவிட்டதால், ஒவ்வொரு புள்ளியின் முடிவையும் காது முதலில் அறிந்தது, கண் பிறகு அறிந்தது. முதல் செட்டை 3-6 என இழந்த புவாசோன், அடுத்த இரண்டையும் 6-4, 6-4 எனக் கைப்பற்றினார். அருகில் நின்ற முதியவர் ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டது நினைவில் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஆறாம் நிலையில் இருந்த மிர்ரா ஆண்ட்ரீவாவையும் 7-6, 6-3 என வென்று, 2011-இல் மரியோன் பார்த்தோலிக்குப் பின் இங்கே அரையிறுதிக்கு வந்த முதல் பிரெஞ்சுப் பெண்ணானார். அரையிறுதியில் கோகோ காஃபிடம் 1-6, 2-6 எனத் தோற்றாலும், தரவரிசையில் 65-ஆம் இடத்துக்கு உயர்ந்தார். அம்மாதமே புல்தரையில் நடக்கும் விம்பிள்டன் போட்டிக்கான தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றதும், ஜூலையில் ஹாம்பர்க் செம்மண்ணில் தம் முதல் டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் தொடர்) பட்டத்தை வென்றதும், செம்மண்ணில் அவர் எவ்வளவு வலிமையானவர் என்பதையும் புல்தரை அவருக்கு இன்னும் பழகவில்லை என்பதையும் ஒருசேரக் காட்டின.

ஆகவே இச்சீட்டை வாங்க நினைப்பவர்கள் முதல் வாரத்தின் முதல் நான்கு நாள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் தரவரிசையில் பின்தங்கிய இளம் வீரர்களும் வைல்டு கார்டில் வந்தவர்களும் வெளி ஆடுகளங்களில் மிகுதியாக ஆடுவார்கள். இரண்டாம் வாரத்தில் இச்சீட்டுக்கு எஞ்சுவது பெரும்பாலும் இரட்டையர், சிறுவர், சிறுமியர் ஆட்டங்களே. அவையும் பார்க்கத் தக்கவைதான், ஆயினும் அன்றைய பெரிய ஆட்டத்துக்கு நீங்கள் திரையையே நம்பியிருக்க வேண்டும். ஒரே ஓர் ஆட்டம் மட்டும் நடக்கும் இரவு அமர்வுக்குத் தனிச்சீட்டு வேண்டும். 2025-இல் அந்த இரவுகளில் பெண்கள் ஆட்டம் ஒன்றுகூட இடம்பெறவில்லை என்பது என் வருத்தம். அடுத்த முறையும் நான் இதே சீட்டைத்தான் வாங்குவேன், இரண்டு நாளையும் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்வேன்.