ஐந்து நாளும் ‘தோல்: இயல்பு’

லண்டனிலிருந்து நான்கு வார விடுமுறையில் திருவண்ணாமலை பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். அதில் பத்தொன்பது நாள் ஒரு கேஸ் ஷீட் (மருத்துவமனையில் தினமும் எழுதும் சிகிச்சைப் பதிவு) நகலுக்காக அலைந்தே போய்விட்டது.

நான் வந்து இறங்கியபோது அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்தாவது நாளாக டிரிப்ஸில் இருந்தார். வைடால் டெஸ்ட் பாசிட்டிவ், டைபாய்டு என்றார்கள். காய்ச்சல் 103-லிருந்து இறங்கவே இல்லை. அன்று மாலை மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அண்ணன் பயந்துபோய் ஆம்புலன்ஸில் வேலூருக்குக் கொண்டுபோனார். அங்கே சேர்த்த கையோடு ஒரு சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு, புடவையைத் தளர்த்தி, பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம்.

“நாடா உராசின புண்ணுன்னு நினைச்சேன்மா” என்றார் அம்மா. வலியோ அரிப்போ இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது. அந்தப் பொருக்குதான் அது கடித்த தடம். எங்கள் மாவட்டத்துக்கும் வேலூருக்கும் இது புதிதல்ல, மழை முடிந்த மாதங்களில் வருஷா வருஷம் வருகிறது. முதல் மருத்துவமனையில் ஐந்து நாள் ஏற்றிய செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியிடம் பலிக்காது. டாக்சிசைக்ளின் கேட்கும். அதை ஆரம்பித்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது, அம்மா ரசம் சாதம் கேட்டார். ரத்தப் பரிசோதனையும் உண்ணிக் காய்ச்சலையே உறுதி செய்தது. வைடால் மட்டும் ஏன் பாசிட்டிவ்? முன்பு எப்போதோ டைபாய்டு வந்திருந்தாலும் அப்படிக் காட்டலாமாம்.

லண்டனில் டாக்டரைப் பார்க்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் பத்து நிமிடத்தில் படுக்கை கிடைத்தது. ஆனால் ஐந்து நாளில் ஒருவரும் அம்மாவின் உடம்பைப் பார்க்கவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெரு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், கண் இமையை இழுப்பார், வயிற்றைத் தட்டுவார். கம்பவுண்டர் கலர் மிக்சர் புட்டியில் அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டித் தருவார். அந்தக் கிளினிக்கில் ஸ்கேன் கிடையாது, ஆனால் தொட்டுப் பார்க்காமல் யாரையும் அனுப்பியதில்லை.

சரி, அந்த முதல் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டுக்கு வருகிறேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தரவேண்டும் என்று 2002-லேயே மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. லண்டனில்கூட ஒரு மாதம் வரை அவகாசம் எடுப்பார்கள். காகிதத்தில் நம் விதிதான் மேல். கவுன்டரிலோ, “டிஸ்சார்ஜ் சம்மரி குடுத்தாச்சே மேடம், அப்புறம் எதுக்கு?” என்றார்கள். பிறகு எம்.டி. கையெழுத்து வேண்டும், ரெக்கார்டு ரூம் சாவி இல்லை, இன்சூரன்ஸுக்கா கேஸுக்கா என்று ஒரு விசாரணை. பதிவுத் தபாலில் எழுதிப் போட்டேன். அதன் பிறகே, ஊர் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, நகல் கைக்கு வந்தது.

தினமும் ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு கட்டம். ‘தோல்: இயல்பு.’ ஐந்து நாளும் அதே கையெழுத்து, அதே பேனா. அதைப் படித்த பிறகுதான் வழக்குப் போட முடிவெடுத்தேன். அதுவரை அண்ணன்தான் பிடிவாதமாக இருந்தார்.

கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நாங்கள் கட்டிய பில் ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் காட்டிய ஒரு வழக்கு எங்களுடையதைப் போலவே இருந்தது. 2002-ல் ஐதராபாத்தில் மலேரியாவுக்கு டைபாய்டு மருந்து கொடுத்து ஒரு பெண் இறந்துபோனார். கணவர் மலேரியா துறை அலுவலர். நிபுணர் சாட்சி எல்லா வழக்குக்கும் கட்டாயம் என்றில்லை என்று சொல்லி, மாவட்ட அமைப்பு கொடுத்து மேல்முறையீட்டில் ரத்தான 2 லட்சம் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது 2010-ல். எட்டு வருடம்.

அம்மாவுக்கு வழக்கில் இஷ்டமில்லை. “பொழச்சுட்டேனே, விடேன்” என்கிறார். ஆனால் மனுவில் கையெழுத்துப் போடும்போது, அந்த ‘இயல்பு’ எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, ஐந்து பக்கத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தார். முதல் விசாரணை பிப்ரவரியில், காலை பதினொரு மணிக்கு. வீடியோவில் அனுமதித்தால் எனக்கு இங்கே விடியற்காலை ஐந்தரை. அலாரம் வைத்துவிட்டேன்.