பெட்டி எழுந்துவிட்டது, ரூட்டைத்தான் காணோம்: பிஎஃப்சென்ஸில் எஃப்ஆர்ஆர், நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஃபயர்வால் அப்கிரேட் முடிந்து ரீபூட் ஆனதும் டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. கிளையை இணைக்கும் மறையாக்கப் பாதையான ஐபிசெக் டனல் எழுந்து நிற்கிறது, கேட்வே பதில் சொல்கிறது, ரூட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் எஃப்ஆர்ஆர் சேவையும் ஓடுகிறது. கிளை அலுவலகத்துக்கு மட்டும் பிங் போகவில்லை. பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளில், ரூட்டர்கள் தங்களுக்குள் ரூட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் புரோட்டோகால்களான ஓஎஸ்பிஎஃப்போ பிஜிபியோ ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

பிஎஃப்சென்ஸ், எஃப்ஆர்ஆர் ஜோடியின் குணமே அப்படி. ஓடத் தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அப்கிரேட் அன்றுதான் பழைய பாக்கியை எல்லாம் ஒன்றாக வசூலிக்கும். அந்தப் பாக்கி பெரும்பாலும் புரோட்டோகாலில் இருப்பதில்லை. கான்ஃபிகில் எழுதாமல் விட்டு, மென்பொருளே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்த மதிப்புகளில் இருக்கிறது. பதிப்பு மாறினால் அந்த மதிப்பும் சத்தமில்லாமல் மாறிவிடும்.

எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பிரிப்போம்

எஃப்ஆர்ஆர் என்பது ஒரே நிரல் அல்ல. ஓஎஸ்பிஎஃப்டி, பிஜிபிடி போன்ற டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) நெய்பர்களோடு, அதாவது எதிர்முனை ரூட்டர்களோடு பேசி ரூட்டுகளைக் கற்கின்றன. செப்ரா என்ற டீமன் அவற்றை வாங்கி, சிறந்ததைத் தேர்ந்து, இயங்குதளத்தின் மையமான கர்னலின் ரூட் அட்டவணையில் ஏற்றுகிறது. அதற்கும் பிறகு பாக்கெட்டை விடுவதா தடுப்பதா என்பது பிஎஃப் ஃபில்டரின் வேலை. ஆகவே டீமன், நெய்பர், கர்னல் அட்டவணை, ஃபில்டர் என்று நான்கு இடங்களில் எங்கே நின்றது என்று தெரியாமல் கான்ஃபிகில் கை வைக்கக்கூடாது. நெய்பர் ஃபுல் (தொடர்பு முழுமையான) நிலையில் இருக்கும்போதே ஓஎஸ்பிஎஃப் சேவையை ரீஸ்டார்ட் செய்வதும், கர்னலில் ரூட் இருக்கும்போதே நெய்பரை கிளியர் செய்வதும் நேரத்தை வீணாக்கும். சில சமயம் ஓடிக்கொண்டிருந்த மற்றொன்றையும் கெடுக்கும்.

எஃப்ஆர்ஆரின் கட்டளைத் திரையான விடிஒய்எஸ்எச் திறந்து ஷோ வெர்ஷன் கொடுத்தால் இப்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தெரியும். விடிஒய்எஸ்எச்சைப் பெரிய சி ஆப்ஷனோடு ஓட்டினால் கான்ஃபிக் கோப்பைச் சரிபார்த்துவிட்டு வெளியேறும். புதிய பதிப்புக்குப் புரியாத வரிகள் இருந்தால் காட்டிக்கொடுக்கும். பிஎஃப்சென்ஸில் ரா கான்ஃபிக் பக்கத்தில் எப்போதோ சேமித்து வைத்த உரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மற்றப் பக்கங்களில் நீங்கள் மாற்றுவது எதுவும் செல்லாது, அந்தப் பழைய உரைதான் ஓடும். விடிஒய்எஸ்எச்சில் நேரடியாகத் தட்டிய மாற்றங்களுக்கு நேர் எதிரான விதி: சேவை மறுபடி தொடங்கும்போது அவை அழிந்துபோகும். 'நேற்று வரை ஓடியதே' என்ற புலம்பல்களில் பாதி இந்த வகைதான். யாரோ இரவில் தட்டிய ஒரு வரி, அடுத்த ரீபூட் வரைக்கும்தான் ஆயுள்.

பிஜிபி: நெய்பர் இருக்கிறது, ரூட் இல்லை

அதிகம் பேரைக் கவிழ்த்தது எஃப்ஆர்ஆர் 7.4. அதுவரை இபிஜிபி நெய்பருக்கு (வேறொரு தன்னாட்சி வலையின் பிஜிபி ரூட்டர்) எந்தப் பாலிசியும் (எந்த ரூட்டை விடலாம் என்ற விதி) எழுதாவிட்டாலும் ரூட்டுகள் இரு பக்கமும் போய்வந்தன. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தரநிலை ஆவணம், பாலிசி எழுதாத இபிஜிபி நெய்பரிடமிருந்து எதையும் ஏற்கவும் கூடாது, எதையும் அனுப்பவும் கூடாது என்றது. 7.4-இலிருந்து வழக்கமான டிரெடிஷனல் புரொஃபைலில் அதுவே தானியங்கி மதிப்பு. பழைய பதிப்பிலிருந்து நேராக இதைத் தாண்டி வரும் பெட்டியில், நெய்பர் எஸ்டாப்ளிஷ்டு (தொடர்பு அமைந்த) நிலையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், ரூட் ஒன்றுகூட வராது.

அடையாளம் காண்பது எளிது. ஷோ பிஜிபி சம்மரியில், பெற்ற ரூட்டுகளின் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் பாலிசி என்ற சொல் நிற்கும். இதற்கு ஒரு வரி மருந்து உண்டு: பிஜிபி பகுதியில் 'நோ பிஜிபி இபிஜிபி-ரிக்வயர்ஸ்-பாலிசி'. வலை உடனே எழுந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு அதைப் போடுவதில் தப்பில்லை. ஆனால் அதை அப்படியே விட்டுவிடுவது, பூட்டு மக்கர் செய்கிறது என்று கதவைத் திறந்தே வைப்பது மாதிரி. கிளையிலிருந்து 10.20.0.0/16-க்குள் 24 வரையான துண்டுகள் மட்டும் வரும் என்றால், அதற்கு ஒரு ப்ரீஃபிக்ஸ்-லிஸ்ட் (முகவரிப் பட்டியல்), அதை மேட்ச் செய்யும் ஒரு ரூட்-மேப் (அனுமதி விதி), உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று நெய்பரில் கட்டுங்கள். பத்து வரி வேலை. கட்டும்போது கவனிக்க வேண்டியது, நெய்பரில் குறித்த ரூட்-மேப் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் எஃப்ஆர்ஆர் அதை 'எல்லாம் மறுப்பு' என்றே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வரும் என்று காத்திருக்க வேண்டாம். மாற்றியதும் கிளியர் பிஜிபி, நட்சத்திரக்குறி, சாஃப்ட். செஷனை அறுக்காமலேயே புதிய பாலிசி ஓடும்.

அதே 7.4-இல் இன்னொன்றும் மாறியது. இது பேசப்படுவது குறைவு. நெட்வொர்க் வரியில் எழுதிய முகவரி ரூட் அட்டவணையில் அச்சு அசலாக இல்லாவிட்டால் இனி விளம்பரம் ஆகாது. உள்ளே 10.1.1.0/24, 10.1.2.0/24 என்று சிறு துண்டுகள் வைத்துக்கொண்டு, வெளியே 10.1.0.0/16 என்று ஒரே வரியாகச் சொல்லிக்கொண்டிருந்த இடங்களில், அந்தப் பெரிய ரூட் மட்டும் எதிர்முனையில் மாயமாகும். 10.1.0.0/16-ஐ நல்0-க்கு (பாக்கெட்டைக் கைவிடும் போலி இன்டர்ஃபேஸ்) அனுப்பும் ஒரு ஸ்டாட்டிக் ரூட்டை எஃப்ஆர்ஆருக்குள் எழுதினால் போதும். சிறு துண்டுகள் குறிப்பானவை என்பதால் உண்மையான டிராஃபிக் அவற்றின் வழியே போகும். எதற்கும் சேராதது மட்டும் குப்பைக்குப் போகும், ஒரு லூப்பும் தவிரும்.

ஏன் இது ஒரு பெட்டியில் நடக்கிறது, பக்கத்துப் பெட்டியில் நடக்கவில்லை? கான்ஃபிக் கோப்பின் தலையில் 'எஃப்ஆர்ஆர் வெர்ஷன் 7.3' போல ஒரு வரி இருந்தால், புதிய பதிப்பு அந்தப் பழைய பதிப்பின் தானியங்கி மதிப்புகளோடு கோப்பைப் படிக்கும். அந்த வரி இல்லாமல் புதிதாக எழுதப்பட்ட கோப்புக்கு இப்போதைய மதிப்புகள். இரண்டு பெட்டியிலும் ஒரே கான்ஃபிக், நடத்தை மட்டும் வேறு என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது முதல் இரண்டு வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாஸ்வேர்டு வைத்த பிஜிபி செஷன் ஆக்டிவ் நிலையிலேயே தொங்கினால், அது பிஎஃப்சென்ஸின் அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டியின் தனிச்சிக்கல். இங்கே டிசிபி எம்டி5 கையொப்பத்துக்கான கீ, கர்னலின் ஐபிசெக் கீ அட்டவணையில் இருக்க வேண்டும். பிஜிபிடிக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. செட்கீ கட்டளையைப் பெரிய டி ஆப்ஷனோடு ஓட்டி, இரு முனை முகவரிகளுக்கும் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் குழப்பும்: ஆக்டிவ் என்றால் வேலை செய்கிறது என்று பொருளல்ல, முயன்றுகொண்டே இருக்கிறது என்று பொருள்.

ஓஎஸ்பிஎஃப்: பெயர், அளவு, வகை

பிஎஃப்சென்ஸ் 2.5.0-இல் ஐபிசெக் விடிஐ (டனலுக்கான மெய்நிகர்) இன்டர்ஃபேஸ்களின் பெயர் மாறியது. ஐபிசெக்1000 என்ற பாணி போய் ஐபிசெக்1 என்ற பாணி வந்தது. பழைய பெயரை ரா கான்ஃபிகிலோ தனி ஸ்கிரிப்டிலோ எழுதி வைத்திருந்தால், ஓஎஸ்பிஎஃப் இல்லாத ஓர் இன்டர்ஃபேஸுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும். ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர் வெறுமையாக இருக்கும், எந்த எச்சரிக்கையும் இராது. நெய்பர் வெறுமை என்றால் அடுத்த கட்டளை எப்போதும் ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ். டனல் அங்கே பட்டியலில் இல்லையென்றால் ஹலோ டைமரையும் (நெய்பரைத் தேடும் பாக்கெட்டின் இடைவெளி) ஏரியாவையும் (ஓஎஸ்பிஎஃப் வலைப்பகுதி) ஆராய்ந்து பயனில்லை.

இன்டர்ஃபேஸ் இருக்கிறது, நெய்பர் மட்டும் இல்லை என்றால் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் புரோட்டோகால் 89-ஐ (ஓஎஸ்பிஎஃப்) பாருங்கள். 224.0.0.5-க்கு ஹலோ வெளியே போகிறதா, வருகிறதா? போகிறது, வரவில்லை என்றால் எதிர்முனை அல்லது டனல். வருகிறது, நெய்பர் ஆகவில்லை என்றால் ஹலோ, டெட் நேரம் (பிராட்காஸ்ட், பாயின்ட்-டு-பாயின்ட் ஆகிய இரு லிங்க் வகையிலும் 10, 40 நொடி), ஏரியா எண், ஸ்டப் குறி, ஆதென்டிகேஷன் கீ எண், இவற்றில் ஒன்று பொருந்தவில்லை. ஃபில்டர் விதிகளில் ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகாலை அனுமதிக்கும் விதி அந்த இன்டர்ஃபேஸில் இருக்கிறதா என்பதும் இதே மூச்சில் பார்க்க வேண்டியது. ஐபிசெக்குக்கு மாற்றான வயர்கார்டு டனலில் கூடுதலாக ஒன்று: அலவுட் ஐபிகளில் 224.0.0.5/32 இல்லாவிட்டால் ஹலோ வெளியே போகாது.

நெய்பர் எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைநிலையில் சிக்கினால், பத்தில் ஒன்பது முறை எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). ஹலோ சின்னப் பாக்கெட், அது தாண்டிவிடும். அடுத்து வரும் டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டில் ஒவ்வொரு முனையும் தன் எம்டியூவைச் சொல்கிறது. தன்னால் வாங்க முடியாத பெரிய எண்ணைக் கேட்ட முனை அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிகிறது. ஒரு பக்கம் எக்ஸ்ஸ்டார்ட், மறுபக்கம் எக்ஸ்சேஞ்ச் என்று நிற்பது இதன் கையெழுத்து. அப்கிரேடில் ஒரு முனையின் டனல் எம்டியூ 1400-இலிருந்து 1500-க்கோ, அதற்கு எதிராகவோ நகர்ந்தால் போதும். 'ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியூ-இக்னோர்' போட்டால் நெய்பர் ஃபுல் ஆகிவிடும், நோய் போகாது: பின்னொரு நாள் ரூட்டுகள் பெருகி அப்டேட் பாக்கெட் பெரிதாகும்போது அது வழியில் தொலையும். இரு முனையிலும் 1400 என்று எழுதுங்கள். துண்டாக்காதே என்ற குறியோடு 1372 பைட் பிங் போய்த் திரும்பினால் (தலைப்பு 28 பைட் சேர்த்து 1400) டனல் அந்த அளவைத் தாங்குகிறது.

ஃபுல் நிலை, டேட்டாபேஸில் எல்லாம் இருக்கிறது, ஆனால் ரூட் அட்டவணையில் ஒன்றும் இல்லை. குழப்பத்தில் இதற்குத்தான் முதல் பரிசு. ஒரு முனை பிராட்காஸ்ட், மறுமுனை பாயின்ட்-டு-பாயின்ட். இரண்டிலும் டைமர் 10, 40 என்பதால் நெய்பர் எந்தத் தகராறும் இல்லாமல் எழும். ஆனால் ஒரே லிங்க்கை இருவரும் இரண்டு விதமாக வர்ணிக்கிறார்கள். குறைந்த செலவுப் பாதையைத் தேடும் எஸ்பிஎஃப் கணக்கு அந்த லிங்க்கை இரு திசையிலும் சரிபார்க்கும்போது பொருந்தாமல் கைவிடுகிறது. டனல் என்றால் இரு பக்கமும் பாயின்ட்-டு-பாயின்ட் என்று கைப்பட எழுதிவிடுங்கள்.

ரூட்டர் ஐடியும் அப்படித்தான். எழுதாவிட்டால் செப்ரா லூப்பேக்கில் உள்ள பெரிய முகவரியையும், அது இல்லையென்றால் மற்ற இன்டர்ஃபேஸ்களில் பெரியதையும் எடுத்துக்கொள்ளும். ஒரே பேக்கப்பிலிருந்து எழுப்பிய இரண்டு பெட்டிகள் ஒரே ஐடியோடு திரிவது அரிதல்ல.

கர்னலும் ஃபில்டரும்

ஷோ ஐபி ரூட்டில் பெரிதுக்குறி தேர்ந்தெடுத்ததையும் நட்சத்திரம் கர்னலில் ஏறியதையும் காட்டும். சிறிய ஆர் எழுத்து நின்றால் கர்னல் நிராகரித்துவிட்டது. அதே முகவரிக்குக் கே எழுத்தோடு ஒரு வரி முன்னால் நின்றால், கர்னலில் வேறு யாரோ ரூட் போட்டிருக்கிறார்கள். அதன் தூரம் (முன்னுரிமை எண், சிறியதே வெல்லும்) 0, ஓஎஸ்பிஎஃப்பின் 110 தோற்றுப்போகும். பெரும்பாலும் ரூட்டிங் பக்கத்தில் மறந்துபோன ஒரு ஸ்டாட்டிக் ரூட். கர்னல் பக்கத்தில் நெட்ஸ்டாட் பார்த்தால், எஃப்ஆர்ஆர் போட்ட ரூட்டுகளின் கொடியில் 1 சேர்ந்து யூஜி1 என்றிருக்கும்.

எல்லாம் சரி, டிராஃபிக் மட்டும் பாதி வேலை செய்கிறதா? பிஎஃப்சென்ஸ் பிளஸ் 24.03-இலும் இலவசப் பதிப்பான சிஇ 2.8.0-இலும் ஸ்டேட் (நடப்புத் தொடர்பு பற்றி ஃபயர்வால் வைக்கும் பதிவு) பாலிசியின் தானியங்கி மதிப்பு ஃப்ளோட்டிங்கிலிருந்து இன்டர்ஃபேஸ்-பவுண்டுக்கு மாறியது. முன்பு, ஒரு கனெக்‌ஷன் எந்த வழியாகத் திரும்பி வந்தாலும் ஸ்டேட் பொருந்தும். இப்போது போன வழியிலேயே திரும்ப வேண்டும். இரண்டு லீஸ்டு லைன் அல்லது இரண்டு வயர்கார்டு டனல், இரண்டிலும் ஒரே காஸ்ட் (பாதையின் செலவு எண்) என்றால் போவது ஒன்றில், வருவது மற்றொன்றில். ஃபயர்வால் லாகில் பதில் பாக்கெட்டுக்கான டிசிபி எஸ்ஏ கொடியோடு தடுத்த வரிகள் குவியும். சிஸ்டம், அட்வான்ஸ்டு பக்கத்தில் பழைய மதிப்புக்குத் திருப்பலாம். அதைவிட முதல் டனலுக்குக் காஸ்ட் 10, இரண்டாவதற்கு 20 என்று இரு முனையிலும் எழுதி, பாதையை ஒன்றாக்குவது நல்லது. இந்த மாற்றம் சரியான திசையில்தான்; பாதிக்கப்படுவது ஏற்கெனவே கோணலாக ஓடிய வலைகள்தான்.

நெய்பர் விழுந்ததை விரைவாகக் கண்டறியும் பிஎஃப்டி வைத்திருந்தால் யூடிபி 3784 திறந்திருக்கிறதா பாருங்கள். 300 மில்லிசெகண்ட், மூன்று முறை என்ற தானியங்கி அளவு இன்டர்நெட் மேல் ஓடும் டனலுக்கு ரொம்பக் கறார். ரீபூட் ஆன முதல் சில நிமிடங்களில் நெய்பர் விழுந்து எழுந்தபடி இருக்கும். 1000 மில்லிசெகண்ட் வைத்தால் அடங்கும்.

அடுத்த முறைக்கு

டிஃபால்ட் ரூட்டே பிஜிபியில்தான் வருகிறது என்றால் கோழி-முட்டைக் கதை ஒன்று காத்திருக்கிறது. அப்கிரேடில் எஃப்ஆர்ஆர் தொகுப்பு எழவில்லை. அதை மறுபடி இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிஃபால்ட் ரூட் வேண்டும். அதற்கு எஃப்ஆர்ஆர் வேண்டும். மேனேஜ்மென்ட் லைனிலோ 4ஜி மோடத்திலோ ஒரு ஸ்டாட்டிக் கேட்வே தயாராக வைத்துவிட்டுத் தொடங்குங்கள். தொலைவில் உள்ள பெட்டிக்கு நீங்கள் போய்ச் சேரும் வழியும் டைனமிக் ரூட்டை நம்பியிருக்கக்கூடாது.

ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்கும் கார்ப் ஜோடியில் இரண்டாம் பெட்டியை முதலில் அப்கிரேட் செய்து, டிராஃபிக்கை அதற்கு மாற்றி, ஒரு முழு வேலைநாள் ஓடவிட்டு, பிறகு முதல் பெட்டி. எஃப்ஆர்ஆர் அமைப்பில் கார்ப் ஸ்டேட்டஸ் ஐபி குறித்திருந்தால் இரண்டாம் பெட்டியில் அது மாஸ்டர் ஆகும்வரை எஃப்ஆர்ஆர் ஓடாது. ஆகவே மாற்றும் நிமிடம்வரை எந்தப் பிழையும் வெளியே தெரியாது.

இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் நிறுவியிருந்தால், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு பூட் என்விரான்மென்ட்டை அப்கிரேடுக்கு முன் எடுத்துவையுங்கள். கூடவே ஷோ ரன்னிங்-கான்ஃபிக், நெய்பர் பட்டியல், ரூட் அட்டவணை, ஒவ்வொரு பிஜிபி நெய்பருக்கும் அனுப்பிய ரூட்டுகள் ஆகியவற்றை வேறு கணினியில் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் பழையதையும் புதியதையும் ஒப்பிடும் டிஃப் ஓட்டினால், காணாமல் போனது எத்தனை ரூட், எவை என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். தேடும்போது டீபக் ஓஎஸ்பிஎஃப் பாக்கெட் போட்டிருந்தால் அணைத்துவிட்டு எழுந்திருங்கள். லாக் பகுதியை ரேம் டிஸ்கில் வைத்த பெட்டியில் விடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும்.