தேய்ந்த மில்லிங் வைஸ்: ஒன்றைச் சரிசெய்தோம், ஒன்றைக் கழித்தோம்

கோவை கணபதியில் எங்கள் பட்டறை. ஒரு எம்1டிஆர் மில்லிங், இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், அவ்வளவுதான். மில்லிங்கில் ஜாப்பை, அதாவது வெட்ட வேண்டிய கட்டையை, இரண்டு தாடைகளுக்கு (ஜா) நடுவே இறுக்கிப் பிடிக்கும் 6 இஞ்ச் வைஸ், பழைய மெஷினோடு சேர்ந்து வந்தது. ஒரு ஜா நிலையானது, இன்னொன்று ஹேண்டிலை முறுக்கினால் நகரும். எங்களிடம் வந்தே 11 வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன் அதைப் பிரித்துச் சரிசெய்தோம். அதே சமயத்தில் 4 இஞ்ச் வைஸ் ஒன்றைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கினோம். இரண்டிலும் செய்தது சரிதான் என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது.

தொந்தரவு ஆரம்பித்தது இஎன்8 என்ற ஸ்டீல் கட்டைகளில். 100-க்கு 60-க்கு 40 சைஸ், ஆறு பக்கமும் ஸ்கொயர் வர வேண்டும். 60 மி.மீ. உயரத்தில் 0.12 மி.மீ. சாய்வு வந்தது. கட்டரை மாற்றினேன், ஜாப்புக்கு அடியில் வைக்கும் பேரலல் பிளாக்கை மாற்றினேன், நைலான் சுத்தியால் தட்டித் தட்டி உட்கார வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கட்டரைத் தாங்கும் ஹெட் நேராக இருக்கிறதா என்று டயல் கேஜில் (நுண்ணளவு காட்டும் முள் கருவி, ஒரு கோடு 0.01 மி.மீ.) பார்த்தேனா என்று, எங்களிடம் பகுதி நேரமாக வரும் மூத்த ஃபிட்டர் ஒருவர் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, வைஸக் குத்தம் சொல்றதுக்கு முன்னால ஹெட்டுக்கு டயல் போட்டீங்களா?"

"போட்டனுங்கண்ணா. 200 மி.மீ. வட்டத்துல ரெண்டு கோடுதானுங்க காட்டுது."

"அப்ப ஜா எந்திரிக்குதான்னு பாருங்க."

மேக்னெட் ஸ்டாண்டை டேபிளில் வைத்து, டயலின் முனையை நகரும் ஜாவின் தலைமேல் வைத்தோம். ஜாப்பைப் பிடித்து ஹேண்டிலை முறுக்கினால் முள் 14 கோடு ஏறியது. தளர்த்தினால் அப்படியே இறங்கியது. 0.14 மி.மீ. ஜா மேலே எழும்பும்போது ஜாப்பின் அந்தப் பக்கத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது, எவ்வளவு தட்டினாலும் கடைசி முறுக்கில் மறுபடி தூக்கிவிடும். அப்புறம் டயலை நிலையான ஜாவின் முதுகுக்குக் கொண்டுபோனோம். 2 கோடுதான். எந்த வார்ப்பும் முறுக்கும்போது அந்த அளவு வளையும், அதைக் குறை என்று சொல்ல முடியாது.

டயல் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தினசரி காலண்டர் தாளை நான்கு துண்டாகக் கிழித்து, இரண்டு பேரலலுக்கும் மேலே இரு முனையிலும் வைத்து, அதன்மேல் ஜாப்பை உட்கார வைத்து முறுக்குங்கள். எங்கள் வைஸில் நிலையான ஜா பக்கத்துத் தாள் இழுத்தால் கிழிந்தது. நகரும் ஜா பக்கத்துத் தாள் சும்மா உருவிக்கொண்டு வந்தது.

முதலில் நான் செய்தது தப்பான வைத்தியம். ஜா சறுக்கி ஓடும் இரண்டு ரெயிலுக்கும் நடுவே நகரும் ஜாவின் நாக்கு கீழே இறங்குகிறது; அதன் அடியில் ஒரு பட்டையை போல்ட் போட்டிருக்கும். ஜா மேலே வராமல் ரெயிலை அடியிலிருந்து பிடிப்பது அந்தப் பட்டைதான். அந்த இடைவெளியை மெல்லிய தகடு (ஷிம்) வைத்துக் குறைத்தேன். நடுவில் அருமையாக ஓடியது, ஆனால் 100 மி.மீ. திறந்ததும் ஜா அப்படியே இறுகி நின்றுவிட்டது. ரெயில்மேல் டயலை ஓட்டிப் பார்த்ததும்தான் காரணம் தெரிந்தது. எங்கள் ஜாப் எல்லாம் 40, 60 சைஸ், ஆகவே ஜா எப்போதும் அந்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ரெயில் அங்கே 0.11 குழிந்துவிட்டது, ஓரத்தில் தேயவே இல்லை. குழிக்குத் தகுந்தபடி இறுக்கினால் மேட்டில் மாட்டத்தான் செய்யும்.

ஆக, கிரைண்டிங்தான் வழி. ஆனால் ரெயிலை மட்டும் அனுப்பி வாங்கினால் வேலை பாதிதான் முடியும், இதைப் பலர் கவனிப்பதில்லை. எங்கள் வைஸில் நிலையான ஜா தனியாகக் கழன்று வரும் என்பதால் சர்ஃபேஸ் கிரைண்டிங் சுலபமானது. முதலில் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து கிரைண்ட் செய்தோம், அப்புறம் அதை மட்டமாக வைத்து ரெயிலின் மேல்பக்கம் 0.13 எடுத்தோம். ரெயில் அவ்வளவு மெலிந்ததால் கீழ்ப் பட்டையின் இடைவெளி நீளம் முழுக்க ஒரே சீராக அதிகமானது. அதை ஈடுகட்ட ஜாவின் நாக்கு அடியில் 0.14 எடுத்து, 0.02 மட்டும் விட்டோம். ஜா இறங்கியதால் ஸ்க்ரூவின் மட்டமும் மாறியது. முதல் முறை மாட்டியபோது நட்டுக்கு அருகில் வரும்போது பிடித்தது. ஜாவில் ஸ்க்ரூ முனை உட்காரும் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிய பிறகு விரலால் சுற்றினாலே ஓடியது. ஜாவின் முகத்தில் மாட்டும் ஜா பிளேட்டுகளைப் புதிதாக இஎன்31 ஸ்டீலில் செய்து, 58 முதல் 60 எச்.ஆர்.சி. (கடினத்தன்மை அளவு) வரை ஹார்டன் பண்ணி கிரைண்ட் போட்டோம்.

ஸ்க்ரூவில் ஹேண்டில் கால் சுற்று சும்மா ஆடுகிறது. அதைத் தொடவே இல்லை. முறுக்கும்போது விசை எப்போதும் ஒரே பக்கம்தான் விழுகிறது, அந்த ஆட்டத்தால் ஜாப்புக்கு ஒரு பாதிப்பும் இல்லை. பெட்டில் டிரில் பட்ட குழிகளையும் நிரப்பவில்லை, விளிம்பு பிசிரை மட்டும் ஆயில் ஸ்டோனால் தேய்த்துவிட்டோம்.

கிரைண்டிங் 2,800 ரூபாய், ஜா பிளேட் வேலை 1,900, மொத்தம் 4,700. ஆயுத பூஜை விடுமுறையில் செய்ததால் மெஷின் நிற்கவில்லை. அப்போது அதே அளவில் சாதாரணப் புது வைஸ் 9,500 சொன்னார்கள். பாதி விலை ரிப்பேருக்கே போகிறதே என்று எனக்கும் தயக்கம் இருந்தது. கடையிலேயே டயல் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன், புதிய வைஸிலேயே ஜா 8 கோடு எழுந்தது. தயக்கம் அங்கேயே தீர்ந்தது.

4 இஞ்ச் வைஸ் கதை வேறு. அதில் ரெயில் நன்றாகத்தான் இருந்தது, நகரும் ஜாவும் 3 கோடுக்கு மேல் எழவில்லை. ஆனால் நிலையான ஜாவின் முதுகில் டயல் வைத்தால் 9 கோடு பின்னால் சாய்ந்தது. அது உடலோடு ஒரே வார்ப்பாக வந்த ஜா. துடைத்துவிட்டு விரிசலைக் காட்டும் டை பெனிட்ரன்ட்டின் சிவப்பை அடித்து, கழுவி, வெள்ளை டெவலப்பரைத் தூவினோம். ஐந்து நிமிடத்தில் ஜாவின் அடிமூலையில் தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. ஹேண்டிலில் பைப் போட்டு முறுக்கிய வருடங்களின் பலன் அது. நிக்கல் ராடு வைத்து வெல்டிங் செய்யலாம் என்றார்கள். கட்டர் ஓடும்போது ஆள் முன்னால் நிற்கிறார், அந்த இடத்தில் வெல்டிங்கை நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஜா பிளேட்டையும் ஸ்க்ரூவையும் எடுத்துக்கொண்டு உடலைப் பழைய இரும்புக்குப் போட்டோம்.

அதற்குப் பதில் வாங்கியது கீழ்நோக்கி இழுக்கும் வகை வைஸ். குர்ட் கம்பெனியின் ஆங்லாக் வைஸ் மூலம் உலகம் முழுக்கப் பரவிய முறை. ஜாவுக்குள் சாய்வான முகமும் ஒரு அரை உருண்டையும் இருக்கும். முறுக்கும் விசையில் ஒரு பங்கு ஜாவைக் கீழே அழுத்தும். விலை சாதாரண வைஸைப் போல மூன்று மடங்கு. ஸ்கொயர் கேட்கும் சின்ன ஜாப் எல்லாம் இப்போது அதில்தான்.

பழைய 6 இஞ்ச் வைஸை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டயல் வைத்துப் பார்க்கிறேன். சரிசெய்த அன்று 2 கோடு, போன மாதம் 3. நடு ரெயிலில் மட்டும் தேயாமல் இருக்க, அடுக்கி ஓட்டும் ஜாப்பை இரண்டு இரண்டாகப் பிடித்து ஜாவைக் கொஞ்சம் தள்ளி ஓட்டச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் இரும்புச் சில்லைக் கூட்டியதும் ரெயிலில் எண்ணெய் விடுவதைப் பையன்கள் இப்போது கேட்காமலே செய்கிறார்கள்.