35 மில்லிமீட்டர் இறக்கினேன், அப்பாவையும் இறக்கிவிட்டேன்

"வண்டியை லோ பண்ணலாமாடா, உன்னோடது எப்படி இருக்கு?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தாழ்த்துவதைத்தான் லோ பண்ணுவது என்கிறான். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் முன் டயர் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாகவே இருக்கிறது. உள்ஓரத்தில் கை வைத்தால் கம்பி குத்துகிறது. 22,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

வண்டி 2019 ஸ்விஃப்ட். இரண்டு வருஷம் முன்பு ஸ்பிரிங் மட்டும் மாற்றினேன், 35 மி.மீ. இறக்கும் செட். கம்பெனி கணக்கில் தரை இடைவெளி 163 மி.மீ.; மீதியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். ஷாக் அப்சார்பர் பழையதுதான். அங்கே கஞ்சத்தனம் பண்ணிவிட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் விட்டுப்போகும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி ஒருபக்கம் சாய்ந்து, யோசித்து, அப்புறம்தான் மூக்கைத் திருப்பும். இப்போது கையோடு மூக்கும் திரும்புகிறது. அக்கா பையன் வாந்தி எடுக்காமல் மேலே போய்ச் சேர்ந்தது இந்த ஸ்பிரிங் வந்த பிறகுதான்.

வண்டி தாழ்ந்ததால்தான் இந்தச் சுகம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பாதிதான் உண்மை. எடை மையம் இறங்கியது சரி. ஆனால் முன் சக்கரத்தைத் தாங்கும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் சாய்வு மாறுவதால் ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடக் கூட, சாய்கிற புத்தியும் கூடும். அதை அடக்கி வைத்திருப்பது ஸ்பிரிங்கின் இறுக்கம். உயரத்தில் கைவைக்காமல் இறுக்கமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் போட்டிருந்தால் இதில் பெரும்பங்கு கிடைத்திருக்கும்.

வளைவின் நடுவில் குழி வந்தால்தான் வேஷம் கலையும். ஸ்ட்ரட் உள்ளே போக இடமில்லாமல் அதன் ஓட்டத்தைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும். அந்த நொடியில் சஸ்பென்ஷன் கல்லாகி, முன் டயர் பிடி விட்டு, வண்டி நேரே ஓடப் பார்க்கும். மழையில் ஒருமுறை அப்படி ஓடியபோது எதிரே பஸ். அதன்பிறகு என் வேகம் பழைய வேகம்தான்.

டயரைத் தின்றது கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு என்றார் மெக்கானிக். ஆனால் பெரிய திருடன் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடி உட்கார்ந்த பிறகு, இந்தக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, என் தப்பு.

அதைக்கூட மறந்துவிடுவேன். எங்கள் தெருமுனை வேகத்தடையை மறக்க முடியாது. சாலைகளுக்கு விதி வகுக்கும் ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) சொல்கிறபடி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். எங்கள் தெருவில் போட்டது அகலத்தில் ஒரு முழம், உயரத்தில் தாராளம். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் அடிவயிறு உரசும். அதனால் அப்பா அங்கே இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் வந்து ஏறிக்கொள்வார். இரண்டு வருஷமாக இப்படித்தான். ஒரு வார்த்தை சொன்னதில்லை. டீக்கடைக்காரர்தான் கேட்பார், "ஏனுங்க, தள்ளிவிடணுமா?"

நண்பனிடம், வேண்டாம், காசைக் கரியாக்காதே என்று சொல்லிவிட்டேன். பழைய ஸ்பிரிங்கையே போட்டுவிடலாமே என்றார் மெக்கானிக். பரணில்தான் கிடக்கிறது. அடுத்த மாதம் வால்பாறை போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அலைன்மென்ட் மட்டும் செய்யச் சொன்னேன்.