சோயா அறுப்பு: நிறம் மாறியதும் வெட்டுவதா, செடியிலேயே காயவிடுவதா?

இலங்கையின் வன்னியில் இதைப் போகம்தான் தீர்மானிக்கிறது. காலபோகச் சோயா, அதாவது மாரிமழைப் பயிர், தை, மாசியில் முற்றும்போது இன்னும் ஒன்றிரண்டு பாட்டம் மழை மிச்சமிருக்கும். சிறுபோகப் பயிர், அதாவது கோடைப் பயிர், ஆடி, ஆவணியில், வறண்ட தென்மேற்குச் சோளகக் காற்றுக்குள் முற்றும்.

காயின் பச்சை போனதும் விதை பருப்பது நின்றுவிடும். அதன்பின் செடியில் விட்டால் ஈரம்தான் வற்றும், விளைச்சல் கூடாது. பத்துக் காயில் எட்டு நிறம் மாறி, இலையும் கொட்டியிருந்தால் வெட்டலாம். இலை மஞ்சளானதை மட்டும் பார்த்து இறங்கினால் பச்சை விதையும் சூம்பல் விதையும்தான் சாக்குக்குள் போகும்.

காலபோகத்தில் இப்படி முந்தி வெட்டுவதே நல்லது. காய்ந்த நெற்று நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தால் விதைத்தோல் சுருங்கி வெடிக்கும். பூஞ்சணம் பிடித்த விதை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும், முளைக்காது. கூலி கூடும் என்பது உண்மைதான். வெட்டியதைக் குவித்துப் படங்கால் (தார்ப்பாயால்) இறுக்கி மூடிவிட்டால் உள்ளே சூடேறிப் பழுதாகும். கட்டுகளை நிமிர்த்திச் சாத்தி, காற்றோட இடம்விட்டு, மழைக்கு மட்டும் மூடுங்கள்.

சிறுபோகத்தில் செடியிலேயே காயவிட்டு, ஈரப்பதன் 13, 14 வீதத்தில் வெட்டி உடனே அடிக்கலாம். வேலை மிச்சம். ஆனால் ஒரு கிழமை அசந்தால் நெற்று தானாக வெடிக்கும். சதுர அடிக்கு நாலு விதை கொட்டினால் ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ போயிற்று. நிறையிலும் அடி விழும்: 13 வீதத்தில் 100 கிலோ இருந்தது 9 வீதத்தில் 95.6 கிலோதான். எனவே பனி உலருமுன், விடியற்காலையில் வெட்டுங்கள். மத்தியானத்தில் கத்தி பட்டாலே நெற்று தெறிக்கும். அடிக்காய் நிலத்தை ஒட்டியிருப்பதால் தாழ்த்தி அரியுங்கள். பிடுங்கினால் நைதரசன் சேர்க்கும் வேர்முடிச்சும் வயலை விட்டுப் போகும், விதையோடு மண்ணும் கலக்கும்.



ஈரமானி இல்லாவிட்டால், காய்ந்த போத்தலில் மூன்றிலொரு பங்கு விதையும் ஒரு பிடி காய்ந்த உப்பும் போட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரப்பதன் 15 வீதத்துக்கு மேல். சாக்கில் கட்ட 12 வீதத்துக்கு இறங்க வேண்டும். விதைக்கு எடுத்ததை உச்சி வெயிலில் சீமெந்துத் தரையில் பரப்பவேண்டாம். படங்கில், காலை வெயில் போதும்.